இரண்டாவது துணிச்சுருள்

நான் இருபத்தெட்டு வருடம் ராணுவ உடுப்புத் தைத்தவன். எந்த நாட்டு ராணுவம் என்று கேட்டால் சிரிப்பீர்கள். நான் தைத்த கோட்டைப் போட்டவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் போருக்குப் போனார்கள். திங்கட்கிழமை காலையில் பேக்கரியில் பாண் போடவும், கணக்குப் படிப்பிக்கவும், தபால் பிரிக்கவும் திரும்பி வந்துவிட்டார்கள். முதலாம் உலகப் போர் தொடங்கியபோது பிரெஞ்சுக் காலாட்படை எதை உடுத்து எதைச் சுமந்து நடந்ததோ, அதை அப்படியே உடுத்துச் சுமந்து நடந்து காட்டுகிற சங்கங்கள் இந்த நாட்டில் உண்டு. அவர்களுக்குத்தான் எங்கள் பட்டறை தைத்தது.

நான் ஓய்வு பெற்ற அன்று பட்டறையில் ஒரு மதியச் சாப்பாடு வைத்தார்கள். புதிதாக வந்த பிள்ளைகளில் ஒருத்தி கேட்டாள்: "நீங்கள் தைத்த கோட் எதுவும் பிழையென்று திரும்பி வந்திருக்கிறதா?" இல்லை என்றேன். எல்லோரும் கை தட்டினார்கள். நான் சொன்னது பொய்யில்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை. ஒரு முறை கோட் திரும்பி வரவில்லை, நான்தான் அதற்குப் பின்னால் ஓடினேன். அந்தக் கதையைக் கை தட்டல் முடிந்த பிறகு சொல்ல வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்தில் நான் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டைகளும் நீலக் காற்சட்டைகளும் தைத்துப் பழகியவன். எண்பதுகளின் நடுவில் பாரிசுக்கு வந்தேன். லா சப்பலில் ஒரே அறையில் ஆறு பேர் இருந்தோம். அப்போது அங்கே இப்போது இருக்கிற மாதிரி நகைக்கடையும் புடவைக்கடையும் இல்லை. தமிழ்ச் சாமான் விற்கிற கடை ஒன்றிரண்டுதான். வியாழக்கிழமை முருங்கைக்காய் வரும் என்று கேள்விப்பட்டால் ஆட்கள் மெத்ரோ பாலத்துக்குக் கீழே நின்று காத்திருப்பார்கள். அப்படி நின்ற ஒரு நாளில்தான் லெயோன் அண்ணையைச் சந்தித்தேன். புதுச்சேரிக்காரர். பிரெஞ்சு ராணுவத்தில் பதினைந்து வருடம் இருந்துவிட்டு, பக்கத்துத் தெருவில் ஒரு தையல் பட்டறையில் துணி அழுத்துகிற வேலை செய்துகொண்டிருந்தார். என் விரலில் இருந்த ஊசித் தழும்பைப் பார்த்துவிட்டு, "தம்பி தையக்காரனா? நாளைக்கு வா, எங்க மதாமுக்கு ஆள் வேணும்" என்றார்.

பட்டறையின் முதலாளி மதாம் ஒடில் அப்போது அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். நாடகக் கொட்டகைகளுக்கு உடுப்பு வெட்டிப் பழகியவர். எவரையும் ஒருமையில் அழைக்கமாட்டார்; வந்து இரண்டு நாளான எனக்கும் "முசியே சவிரி" என்ற மரியாதைதான். சவிரிமுத்து என்ற என் முழுப்பெயர் அவர் வாய்க்குள் அடங்கவில்லை. அவர் எவரையும் ஏசி நான் கேட்டதில்லை. தைத்த துண்டை மேசையில் விரித்து வைப்பார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மேசையைச் சுற்றி ஒரு முறை நடப்பார். பிழை கண்ட இடத்தில் வெள்ளைச் சுண்ணக் கட்டியால் ஒரு சிலுவை போட்டுவிட்டுப் போய்விடுவார். என்ன பிழை என்று சொல்லமாட்டார். அதை நாங்களே கண்டுபிடிக்க வேண்டும். முதல் மாதம் நான் தைத்த கழுத்துப்பட்டி ஒன்றில் ஏழு சிலுவைகள் இருந்தன. லெயோன் அண்ணை அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது கோட்டு இல்ல, கல்லற" என்றார்.

எங்களிடம் தைக்கக் கொடுத்த சங்கத்துக்கு ஒரு விதிப் புத்தகம் இருந்தது. தட்டச்சு செய்து, ஓரத்தில் கயிறு கோத்த முப்பது பக்கம். கோட்டின் நிறம் இரும்புத் துருவலில் நீலம் கலந்த மாதிரி இருக்க வேண்டும். முன்பக்கம் இரண்டு வரிசை, வரிசைக்கு ஆறு பித்தளைப் பொத்தான். பொத்தானில் எரியும் கைக்குண்டுச் சின்னம். நடக்கும்போது கோட்டின் இரண்டு முன் தொங்கல்களையும் பின்னால் மடித்துக் கொளுவ வேண்டும். கீழே சிவப்புக் காற்சட்டை தெரிய வேண்டும். நீண்ட தையல்களை இயந்திரத்தில் போடலாம், ஏனென்றால் அந்தக் காலத்திலேயே இயந்திரம் வந்துவிட்டது. பொத்தான் துளைகளை மட்டும் மெழுகு பூசிய லினன் நூலால் கையால் தைக்க வேண்டும். முதுகுப் பை, தோட்டாப் பை, தண்ணீர்க் குடுவை ஒவ்வொன்றுக்கும் தனிப் பக்கம். கைக்கடிகாரம் கூடாது, பிளாஸ்டிக் சட்டமுள்ள மூக்குக் கண்ணாடி கூடாது, காலுக்குப் போடுகிற மேசுக்குக்கூட ஒரு பந்தி எழுதியிருந்தது.

இதையெல்லாம் பரிசோதிக்கிறவர் முசியே பெர்த்தியே. தபால் கந்தோரில் கடிதம் பிரித்து ஓய்வு பெற்ற, ஒல்லியான, மீசைக்காரர். படையைப் பத்து அடி தள்ளி நின்று பார்ப்பார். பிறகு கைநீட்டும் தூரத்தில். அதன் பிறகு கோட்டைக் கழற்றச் சொல்லி உள்பக்கத்தைப் புரட்டுவார். மூன்றில் எதில் தவறினாலும் அந்த ஆளுக்கு அன்று அணிவகுப்பு இல்லை.

எனக்கு இது முதலில் பெரிய மனிதர்களின் விளையாட்டாகத்தான் தெரிந்தது. நெருப்புச் சோதனையைப் பற்றி மதாம் சொல்லித் தந்த அன்றுதான் அந்த நினைப்பு மாறியது. எந்தத் துணிச்சுருள் வந்தாலும் நெடுக்கில் ஒரு நூல், குறுக்கில் ஒரு நூல் இழுத்து, சிறு இடுக்கியில் பிடித்து நெருப்பில் காட்ட வேண்டும். கம்பளி மயிர் கருகிய மணம் தரும், நெருப்பை எடுத்ததும் அணைந்துவிடும். பருத்தி கடதாசி மாதிரி எரிந்து தூளாகும். பொலியெஸ்தர் கலந்திருந்தால் சுருங்கி, கடைசியில் ஒரு கறுப்பு மணி உருளும். சோதித்ததும் எஞ்சிய நூலைச் சோதனைப் புத்தகத்தில் ஒட்டி, சுருளின் இலக்கத்தை எழுதி, கையெழுத்து வைக்க வேண்டும்.

"விதிக்காக மட்டும் இல்லை, முசியே சவிரி" என்றார் மதாம். "அவர்கள் குண்டில்லாத வெறும் வெடிமருந்துத் தோட்டாதான் சுடுகிறார்கள். ஆனால் அந்த மருந்தின் பொறி மணிக்கட்டுக்குள் விழும். கம்பளியும் பருத்தியும் கருகும், அவ்வளவுதான். பிளாஸ்டிக் உருகும். உருகினால் தோலோடு ஒட்டும். அதை உரித்து எடுத்ததை நான் ஒரு முறை பார்த்திருக்கிறேன்."

இரண்டாவது வருட வசந்தத்தில் நாற்பது கோட்டுக்கு ஒரு பெரிய ஓடர் வந்தது. மார்ன் ஆற்றுப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஜூன் மாத ஞாயிறு ஒன்றில் அவர்களுடைய போர். கைக்கும் தோளுக்கும் வைக்கிற உள்துணிக்கு வெளுக்காத பருத்தி இரண்டு சுருள் வாங்கினோம். முதல் சுருளை நான் முறைப்படி சோதித்து ஒட்டினேன்.

இரண்டாவது சுருள் வந்த நாளில் நான் பொபினியில், விசா கொடுக்கிற அரச அலுவலகத்தில் நின்றேன். அங்கே மச்சானின் விலாசத்தில்தான் பதிந்திருந்தேன்; தற்காலிக விசா முடிகிற நேரம். விடிய முதலே வரிசையில் நின்று, பன்னிரண்டு மணிக்குக் கவுண்டரை அடைந்தபோது, முதலாளியின் வேலைக் கடிதம் இல்லையென்று திருப்பி அனுப்பினார்கள். பட்டறைக்கு வர மூன்று மணி. மதாம் வெளியே போயிருந்தார். மறுநாள் காலையில் உள்துணி வெட்டியாக வேண்டும், அதற்கு முன் சோதனையைப் புத்தகத்தில் ஏற்றியாக வேண்டும். புதிய சுருள் ஐந்து கம்பளிச் சுருள்களுக்கு அடியில் கிடந்தது. அதே வியாபாரி, அதே நிறம், நூறு வீதம் பருத்தி என்று அதே லேபல். மேசையில் முதல் சுருளின் மிச்சத் துண்டு ஒன்று இருந்தது. நான் அதில் ஒரு நூலை இழுத்தேன். எரித்தேன். ஒட்டினேன். 'சுருள் இரண்டு' என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

அந்த நேரம் எனக்கு அது ஒரு பொய்யாகவே படவில்லை என்பதுதான் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது. நேரத்தை மிச்சம் பிடித்ததாகத்தான் நினைத்தேன்.

நாற்பது கோட்டும் முடிந்தன. கடைசிக் கோட்டை மேசையில் விரித்து மதாம் சுற்றி நடந்தார், சிலுவை போடவில்லை. வெள்ளிக்கிழமை வேன் வந்து ஏற்றிக்கொண்டு போனது. அடுத்த நாள் சனிக்கிழமை அரை நாள் வேலை. நான் நிலத்தில் கிடந்த துண்டுகளைக் கூட்டிக்கொண்டிருந்தேன். லெயோன் அண்ணை மறுநாள் பூசைக்குப் போட அவருடைய காற்சட்டையை அழுத்திக்கொண்டிருந்தார். அதன் மேலே விரிக்க ஒரு துணி கேட்டார். குவியலில் இருந்து உள்துணித் துண்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தேன்.

அயன் பெட்டி 'சர்' என்று ஒரு சத்தம் போட்டு நின்றது.

"இன்னா தம்பி இது, ஒட்டிக்கிச்சு?"

அயன் பெட்டியைத் திருப்பிப் பார்த்தோம். அதன் முகத்தில் துணி பாகு மாதிரி உருகிப் படிந்திருந்தது. கோட்டை அழுத்தும்போது இது ஏன் தெரியவில்லை என்று கேட்பீர்கள். கோட்டின் வெளிப்பக்கத்தில், தடித்த கம்பளிக்கு மேலே ஈரத்துணி போட்டுத்தான் அழுத்துவோம். உள்துணி வரைக்கும் அந்தச் சூடு போவதில்லை.

நான் துண்டில் ஒரு நூலை இழுத்து நெருப்புக் குச்சியில் பிடித்தேன். அது சுருண்டு ஓடியது. நுனியில் கறுப்பாக ஒரு மணி.

"அண்ணை, இது ரெண்டாவது சுருள்" என்றேன். "நான் இதைச் சோதிக்கேல்லை."

"பொஸ்தகத்துல ஒட்டி இருக்கே?"

"அது முதல் சுருளின்ரை நூல். நான்தான் ஒட்டினனான்."

லெயோன் அண்ணை அயன் பெட்டியின் வயரைக் கழற்றினார். அதைச் சுவர்ப் பக்கமாகத் தள்ளி வைத்தார். பிறகு, "நாளைக்கு நாலு மணிக்கு அவங்க சுடப் போறாங்க" என்றார்.

உண்மையை எழுத வேண்டுமல்லவா? அப்போது என் மனதில் முதலில் வந்தது அந்த மனிதர்களின் கைகள் இல்லை. என் வேலைக் கடிதம். மதாம் இன்னும் அதை எனக்குத் தரவில்லை. கடிதம் இல்லாவிட்டால் விசா இல்லை. விசா இல்லாவிட்டால் எங்கே அனுப்புவார்கள் என்று எனக்குத் தெரியும். வியாபாரிதான் ஏமாற்றினான், புத்தகத்தில் சோதித்ததாக இருக்கிறது, யாருக்கு என்ன தெரியப் போகிறது? இந்த நினைப்பு ஒரு நிமிடம் இருந்திருக்கும். லெயோன் அண்ணை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீ மேல போறியா, நான் போவட்டா?" என்று கேட்டார்.

"நான் போறன் அண்ணை."

மதாமின் வீடு பட்டறைக்கு மேல் மாடியில். சூப் குடித்துக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்த பிரெஞ்சில், முன்பின் மாற்றி, எல்லாவற்றையும் சொன்னேன். உருகின துண்டை மேசையில் வைத்தேன். அவர் கரண்டியை வைத்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: "எந்தெந்தக் கோட்?"

"இருபத்து மூன்றில் இருந்து நாற்பது வரை."

"பதினெட்டு." எழுந்து தொலைபேசியில் எண்ணைச் சுற்றினார். சங்கத்தின் தலைவர் வீட்டில் எவரும் எடுக்கவில்லை. எல்லோரும் ஏற்கெனவே வயலில் கூடாரம் அடித்திருந்தார்கள். "காலை முதல் ரயில்" என்றார். பிறகு கீழே இறங்கி வந்து, சோதனைப் புத்தகத்தை எடுத்து, அந்தப் பக்கத்தைத் திறந்து என் முன்னால் வைத்தார். "நடந்ததை இதற்குக் கீழே எழுதுங்கள்."

"மதாம், எனக்கு இவ்வளவு பிரெஞ்சு எழுத வராது."

"உங்கள் மொழியில் எழுதுங்கள். நீங்கள் எழுதியது உங்களுக்குப் புரிந்தால் போதும்."

நான் தமிழில் எழுதினேன். நான்கு வரி. அதற்குக் கீழே கையெழுத்து வைத்தேன்.

மறுநாள் கிழக்கு ஸ்டேஷனில் ரயில் ஏறினோம். மதாம், லெயோன் அண்ணை, நான். மதாமின் மடியில் ஒரு தகரப் பிஸ்கோத்துப் பெட்டி நிறைய ஊசி, லினன் நூல், தையல் பிரிக்கும் கத்திகள். பாதி வழியில் கைப்பையைத் திறந்து ஒரு உறையை எடுத்து என்னிடம் நீட்டினார். வேலைக் கடிதம்.

"இதை வெள்ளிக்கிழமையே எழுதிவிட்டேன். இன்று நடக்கப் போவதற்கும் இதற்கும் தொடர்பில்லை. ஆனால் அங்கே நீங்கள்தான் பேச வேண்டும். நான் பேசமாட்டேன்."

வயலுக்கு நடந்துபோன வழியில் ஊதுகொம்புச் சத்தம் கேட்டது. வேலியைத் திரும்பியதும் அவர்களைக் கண்டேன். நாற்பது பேர், நீலக் கோட், சிவப்புக் காற்சட்டை, தோளில் துப்பாக்கி, ஒரே காலடியில் எங்களை நோக்கி நடந்து வந்தார்கள். ஒவ்வொரு கோட்டும் என் மேசையில் கிடந்தது, ஒவ்வொரு பொத்தான் துளையும் எனக்குத் தெரியும். அப்படியிருந்தும் என் கால் நின்றுவிட்டது. ஊரில் ஒரு சோதனைச் சாவடியில் ராணுவக்காரன் ஒருவன் என் பையிலிருந்த கத்தரிக்கோலை எடுத்து, என் காதைச் சுற்றி மெதுவாகத் திறந்து மூடி விளையாடியிருக்கிறான். உடம்புக்கு இது வேறு, அது வேறு என்று தெரியவில்லை. நான் வேலியைப் பிடித்துக்கொண்டேன்.

லெயோன் அண்ணை என் முழங்கையைப் பிடித்தார். "தம்பி, முன்னால வர்ற குண்டன் பேக்கரிக்காரன். பக்கத்துல வாத்தியார். மூச்சு விடு. நானும்தான் யூனிபோர்ம் போட்டவன், என்னப் பாத்து நீ பயந்தியா?"

"இல்லை அண்ணை."

"அப்ப நட."

தலைவர் படையை நிறுத்தினார். மதாம் சொன்னபடியே ஒதுங்கி நின்றார். நான் அந்த வரிசைக்கு முன்னால் போய் நின்றேன். ரயிலில் மனப்பாடம் பண்ணி வைத்திருந்த வசனங்கள் எல்லாம் மறந்துபோயின. "என் பிழை" என்று பிரெஞ்சில் சொன்னேன். அதையே மூன்று தரம் சொன்னேன். பிறகு பேச்சை விட்டுவிட்டு, முன் வரிசையில் நின்ற பேக்கரிக்காரரிடம் போய், அவருடைய கைப்பட்டியைத் திருப்பினேன். உள்ளே இலக்கம் முப்பத்தொன்று. உள்துணியில் ஒரு நூல் இழுத்து, எல்லோரும் பார்க்க நெருப்பில் காட்டினேன். கறுப்பு மணியைத் தலைவரின் உள்ளங்கையில் வைத்தேன். அது இன்னும் சூடாக இருந்திருக்க வேண்டும், அவர் கை ஒரு முறை துள்ளியது.

ஒருவரும் சத்தம் போடவில்லை. அதுதான் எனக்கு அதிகம் கஷ்டமாக இருந்தது. பதினெட்டுப் பேரும் வரிசையாகக் கோட்டைக் கழற்றி, புல்லில் மடித்து வைத்துவிட்டு, சட்டையோடு நின்றார்கள்.

நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்து உள்துணியைப் பிரிக்கத் தொடங்கினோம். அப்போது முசியே பெர்த்தியே விதிப் புத்தகத்தோடு வந்தார். "உள்துணி இல்லாத கோட் விதிக்கு உட்பட்டது இல்லை. இவர்கள் அணிவகுக்க முடியாது."

"முடியாதுதான்" என்றார் மதாம், தலை நிமிராமலே. "அதனால் எனக்குப் பழைய படுக்கை விரிப்புகள் வேண்டும். பருத்தி, இல்லாவிட்டால் லினன். இந்தக் கிராமத்தில் பாட்டிமார் அலமாரியில் வைத்திருப்பார்கள்."

பெர்த்தியே கொஞ்சம் யோசித்தார். புத்தகத்தை மூடினார். நாற்பது வருடம் கடிதங்களை வீடு வீடாகப் பிரித்தவர் அல்லவா, சிவப்புக் காற்சட்டைக்காரர் ஆறு பேரைத் தெருவுக்கு ஒருவராகப் பிரித்து அனுப்பினார். முக்கால் மணி நேரத்தில் அவர்கள் கை நிறைய விரிப்புகளோடு வந்தார்கள். ஒரு கிழவி தன்னுடைய கல்யாணச் சீர் விரிப்பை எவரையும் நம்பிக் கொடுக்காமல் தானே தூக்கிக்கொண்டு வந்தார். ஓரத்தில் நீல நூலால் அவர் பெயரின் முதலெழுத்துகள் பின்னியிருந்தன.

பெர்த்தியே ஒவ்வொரு விரிப்பிலும் ஒரு நூலை இழுத்தார். நெருப்புப் பெட்டியை எடுத்தவர், சுற்றிலும் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "முசியே, இங்கே வாருங்கள். இனிமேல் இதை ஒருவர் தனியாகச் செய்வதில்லை. நான் எரிக்கிறேன், நீங்கள் சாம்பலைப் பாருங்கள்."

நான் பார்த்தேன். ஒவ்வொரு நூலும் தூளாகி விரலில் படிந்தது. ஒரே ஒரு விரிப்பு மட்டும் மணியாக உருண்டது. "இது வேண்டாம்" என்றேன். அவர் அதை மறுபேச்சில்லாமல் மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

மதாம் வெட்டினார். நானும், அந்தக் கிழவியும், கிராமத்துப் பெண்கள் மூன்று பேரும், ஊசி பிடிக்கத் தெரிந்த வாத்தியாரும் வெட்டிய துண்டுகளைக் கோட்டுக்குள் நீளத் தையலில் பொருத்தினோம். லெயோன் அண்ணை கரி அடுப்பில் பிஸ்கோத்துப் பெட்டியைச் சூடாக்கி அதனாலேயே மடிப்புகளை அழுத்தினார். ஒருவரும் சாப்பிடவில்லை. மூன்றரை மணிக்குக் கடைசிக் கோட்டைக் கொடுத்தோம். பெர்த்தியே பத்து அடி தள்ளி நின்று பார்த்தார், கைநீட்டும் தூரத்தில் பார்த்தார், உள்ளே புரட்டிப் பார்த்தார். ஒரு கைக்குள் நீலப் பின்னல் எழுத்து தெரிந்தது. அது விதியில் இல்லாததுதான். அவர் அதைக் காணவில்லை என்று இன்றைக்கும் சொல்லுவார்கள்.

நான்கு மணிக்குச் சுட்டார்கள். நான் வண்டி ஒன்றின் பின்னால் குந்தியிருந்து காதைப் பொத்திக்கொண்டேன். புகை எங்கள் பக்கமாக வந்து போனது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. கையை எடுத்தபோது ஆட்கள் கை தட்டும் சத்தம் கேட்டது.

புகைக்குள் இருந்து முதலில் வந்தவர் பேக்கரிக்காரர். முகம் முழுக்கக் கரி. துப்பாக்கியைப் புல்லில் படுக்க வைத்துவிட்டு நேரே என்னிடம் வந்து வலது கையை நீட்டினார். மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே கம்பளியில் ஒரு துளை, பருப்பு அளவு, விளிம்பு கருகி. கைப்பட்டியைத் திருப்பினேன். உள்ளே விரிப்புத் துணியில் தேநீர் சிந்தின மாதிரி ஒரு மண்ணிறக் கறை. அதை இன்னும் மேலே சுருட்டினேன். கை. வெள்ளைக் கை, பழைய அடுப்புத் தழும்புகள், மா ஒட்டின மயிர். அந்த இடத்தில் ஒன்றும் இல்லை. சிவந்துகூட இல்லை.

"ஒன்றுமில்லை, பாருங்கள்" என்றார் அவர்.

நான் பார்த்தேன். விரலால் தடவியும் பார்த்தேன். திருப்பி மறுபக்கமும் பார்த்தேன். பார்க்க வேண்டியது எல்லாம் பார்த்து முடிந்த பிறகும் அந்தக் கையை விட எனக்கு மனம் வரவில்லை. அவரும் இழுக்கவில்லை. நான் விடும்வரை அப்படியே நின்றார்.